பழைய டோனட் புனலில் வளையம் சரியாக விழ

அலுமினியப் புனல், நடுவில் கம்பி, மேலே ஸ்பிரிங் வைத்த குமிழ், அடியில் சின்ன வட்டத் தட்டு. பழைய பாத்திரங்களோடு இப்படி ஒன்று கிடந்தால் அது டோனட் விடும் கருவி. குமிழை அழுத்தினால் தட்டு கீழிறங்கி, அதைச் சுற்றி மாவு வளையமாக வழியும். விட்டால் தட்டு மேலேறி மாவை வெட்டிவிடும்.

முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழைத் தொடாதபோது லேசாகக் கசிந்தால் பரவாயில்லை, மாவு அதைவிடக் கெட்டி. தாரையாக ஒழுகினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கம்பி வளைந்திருந்தால் வளையம் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து விழும். மெலிந்த பக்கம் கருகும்போது தடித்த பக்கம் வேகாமல் நிற்கும். உள்ளே பூச்சு உரிந்திருந்தால் அலமாரியில் அழகுக்கு வைத்துவிடலாம்.

ஈஸ்ட் மாவு இதில் இறங்காது. 250 கிராம் மைதா, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள் சேர்த்துச் சலியுங்கள். 2 முட்டை, 90 கிராம் சர்க்கரை, 120 மில்லி பால், உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 30 கிராம் ஆகியவற்றைத் தனியே அடித்து அதில் ஊற்றி, வறட்டு மாவு மறையும்வரை மட்டும் கலக்குங்கள். அதிகம் கலக்கினால் மாவில் இழுவை வந்துவிடும். தட்டு வெட்டும் இடத்தில் வால் தொங்கும், டோனட்டும் ரப்பராகும். 10 நிமிடம் மூடி வைத்தபின் கரண்டியால் தூக்கிப் பாருங்கள். கனத்த நாடாவாக இறங்கி, விழுந்த தடம் இரண்டு மூன்று விநாடி மேலே நிற்க வேண்டும். உடனே கரைந்தால் ஒரு ஸ்பூன் மைதா, கட்டியாக விழுந்தால் ஒரு ஸ்பூன் பால். முட்டையின் அளவு மாறுவதால் இந்தத் திருத்தம் பெரும்பாலும் தேவைப்படும்.

எண்ணெய் குறைந்தது 5 செ.மீ. ஆழம், சூடு 185 டிகிரி செல்சியஸ். இதில் கண் மதிப்பை நம்ப வேண்டாம், தெர்மாமீட்டர் வையுங்கள். 170-க்கு இறங்கினால் டோனட் எண்ணெய் குடிக்கும். 195-ஐத் தாண்டினால் வெளியே சிவந்து உள்ளே மாவாகவே இருக்கும். ஒரு ஈட்டுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், சூடு சட்டென்று விழும்.

புனலில் முக்கால் பாகம் நிரப்பி, காற்று வெளியேற லேசாகத் தட்டுங்கள். நடுவில் காற்று இருந்தால் வளையம் அறுந்து பிறையாக விழும். புனலின் வாய் எண்ணெய்க்கு மேல் 3 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மேலே போனால் வளையம் முறுக்கிக்கொள்ளும், எண்ணெயும் தெறிக்கும். குமிழைத் தயங்காமல் அழுத்தி, உடனே விடுங்கள். மெல்ல அழுத்தினால் மாவு ஒரே பக்கமாக வழியும். பிளாஸ்டிக் புனலென்றால் ஒவ்வொரு முறையும் வாணலிக்கு அப்பால் எடுத்துவிடுங்கள்.

பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். சாதாரணச் சர்க்கரை சூடாக இருக்கும்போதே ஒட்டும். பொடித்த சர்க்கரை சூட்டில் கரையும், ஆறிய பிறகு தூவுங்கள்.

மாவு காயுமுன் கருவியைக் கழற்றி வெந்நீரில் கையால் கழுவுங்கள். டிஷ்வாஷரில் போட்டால் அலுமினியம் கறுக்கும். ஸ்பிரிங்கை மட்டும் துணியால் துடைத்துத் தனியே உலர்த்துங்கள். அடுத்த முறை எடுக்கும்போது உள்ளே ஈரம் துளியும் இருக்கக் கூடாது. காய்ந்த எண்ணெயில் நீர் சொட்டினால் கையில்தான் தெறிக்கும்.