வாஷிங் மெஷினும் காட்பாடி போர் தண்ணீரும்

மெஷின் தண்ணீர் எடுப்பதை நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரம் உர்ரென்று சத்தம், அப்புறம் எரர். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டால், வந்து பார்க்காமலே "வால்வு போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்கிறார். போனிலேயே நாடி பிடிக்கிற வைத்தியர்!

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, பின்னால் இருக்கும் ஹோஸைக் கழற்றினேன். அது மெஷினுக்குள் நுழையும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும். குறடால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். பாதி மணல், மீதி வெள்ளையாக இறுகிய உப்பு. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான், வினிகரில் போட்டதும் நுரைத்துக் கரைந்தது. (ப்ளீச் இருக்கும் இடத்தில் வினிகரை ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு வரும்.)

மாட்டிப் போட்டால் தண்ணீர் ஏறுகிறது, ஆனால் மெதுவாக. அதற்குக் காரணம் மாடி டேங்க். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்கள் டேங்க் மெஷினுக்கு மேலே 3 மீட்டர்கூட இல்லை, அதாவது 0.3 பாருக்கும் கீழே. பல மெஷின்களுக்கு இது போதாது. "மோட்டார் போட்டு டேங்க் ரொம்பினப்புறம் துணியைப் போடுடா" என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் போர் தண்ணீரில் துவைப்பவர்கள், வால்வுக்குக் காசு கொடுக்கும் முன் அந்த வலையை ஒருமுறை பாருங்கள். எனக்கு அடுத்து கீசர் இருக்கிறது. அதுவும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறது, உள்ளே எவ்வளவு பாறை சேர்ந்திருக்கோ!