'டக்' சத்தத்தை நம்பாதீர்கள்: பிரியஸ் மெயின் ரிலே சோதனை

இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரில் பி0ஏஏ1 என்ற பழுதுக் கோடு வந்தால், பாசிட்டிவ் பக்க மெயின் ரிலே (பெரிய பேட்டரியை வண்டியோடு இணைத்துப் பிரிக்கும் மின் சுவிட்ச்) மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டது என்று பொருள். பி0ஏஏ4 என்றால் நெகட்டிவ் பக்கம். அந்த ஹைபிரிட் பேட்டரி 201.6 வோல்ட் டிசி. பிரிக்க வேண்டிய ரிலேயே சந்தேகத்தில் இருக்கும்போது, பவர் பட்டனை அணைத்ததை வைத்து வண்டியில் கை வைக்க முடியாது.

முதலில் டிக்கியைத் திறந்து, மூடாமல் விட்டோம். அதன் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. சிறிய 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றியபின் மூடிவிட்டால் உள்ளே ஊர்ந்து போய்த்தான் திறக்க வேண்டும். சாவியைத் தள்ளி வைத்து, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றினோம். கிளாஸ் 0 தர மின்காப்பு ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டி, உள்ளே சிக்கிய காற்று கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அணிந்தோம். ஹைபிரிட் பேட்டரியின் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவியவர் அதைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு 10 நிமிடம் காத்திருப்பு. மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரில், கெபாசிட்டர் சேமித்து வைத்த மின்சாரம் வடிய அவ்வளவு நேரம் வேண்டும்.

அடுத்து, 1000 வோல்ட் கேட் 3 பாதுகாப்புத் தர மீட்டரை ஒரு 12 வோல்ட் பேட்டரியில் வைத்துப் பார்த்து, இன்வெர்ட்டர் முனைகளில் வைத்து, மறுபடி அதே பேட்டரியில் வைத்தோம். நடுவில் மட்டும் 0 வர வேண்டும். மீட்டரே செத்திருந்தாலும் 0தான் காட்டும் அல்லவா? இங்கே 0 வந்தாலும் கையுறையைக் கழற்றவில்லை. பிளக் பேட்டரியை இரண்டாகத்தான் பிரிக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் வோல்டேஜ் அப்படியே இருக்கும்.

ரிலேயைக் கழற்றி மேசையில் வைத்தபின் வேலை சுலபம். ரிலேயை இயக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கு 12 வோல்ட் கொடுக்காதபோது, கரண்ட் கடக்கும் உலோக முனைகளான கான்டாக்ட் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அப்போதே 0 ஓம் வந்தால் ஒட்டிவிட்டது. 2 ஆம்ப் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் கொடுத்தால் 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். ரிலே மூடும் 'டக்' சத்தத்தையும் கேட்டுவிட்டு, இதோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். கருகிக் குழி விழுந்த கான்டாக்ட்டும் அதில் தப்பிவிடும். அதனால் 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டி, கான்டாக்ட் வழியே சுமார் 4.5 ஆம்ப் ஓடவிட்டு, இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட் பார்த்தோம். 45 மில்லிவோல்ட் என்றால் 10 மில்லிஓம். பாசிட்டிவ், நெகட்டிவ் ரிலேக்கள் இரண்டையும் இப்படி ஒப்பிட்டால் கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

ரிலே ஏன் ஒட்டியது என்று பார்க்காமல் புதியதை மாட்டுவது வீண் செலவு. வண்டி கிளம்பும்போது முதலில் ஒரு சிறிய ரிலே, ரெசிஸ்டர் வழியாக கெபாசிட்டரை மெல்ல நிரப்பும். அதன்பிறகே பெரிய ரிலே மூடும். ரெசிஸ்டர் 18 முதல் 22 ஓமுக்குள் இருக்க வேண்டும். இந்த வரிசை தவறி, காலி கெபாசிட்டர் மீது பெரிய ரிலே நேராக மூடினால் தீப்பொறி பறந்து கான்டாக்ட் பற்றிக்கொள்ளும்.

திரும்ப மாட்டும்போது சர்வீஸ் பிளக்கின் கைப்பிடியை மேலே மடக்கியதோடு விடாமல், கீழே தள்ளிப் பூட்டவும். அந்தக் கடைசி அரை அங்குலத்தை மறந்தால் பிளக் சரியாகப் பூட்டியதை உறுதிசெய்யும் இன்டர்லாக் சுவிட்ச் சேராது, ரெடி விளக்கும் எரியாது.