டிராயிங் ரூம் ஏன் இருட்டாக இருக்கிறது?

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: "டிராயிங் ரூமில் ஒன்றுமே சரியாகத் தெரியவில்லை, எல்லா ஜன்னலிலும் திரையை இறக்கி வைத்திருக்கிறார்கள்." அந்த இருட்டுக்குக் காரணம் சுவரில் இருக்கிறது. சுவர் முழுக்கப் பட்டு.

பெயரிலிருந்தே தொடங்கலாம். படம் வரைவதற்கும் இந்த அறைக்கும் சம்பந்தமில்லை. 'வித்ட்ராயிங் ரூம்', அதாவது ஒதுங்கிப் போய் உட்காரும் அறை என்ற பெயர்தான் தேய்ந்து டிராயிங் ரூம் ஆனது. 18-ஆம் நூற்றாண்டில் விருந்து முடிந்ததும் பெண்கள் எழுந்து இங்கே வந்துவிடுவார்கள். ஆண்கள் மதுவோடு சாப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் சாப்பாட்டு அறைச் சுவருக்குத் துணியே ஆகாது என்றார்; உணவின் வாடை அதில் தங்கிவிடும். அதனால் அங்கே சுதை வேலைப்பாடு, டிராயிங் ரூமுக்கு டமாஸ்க் பட்டு, அதாவது நெசவிலேயே பூ வேலைப்பாடு விழும் பட்டு.

லண்டனின் மேற்குப் பகுதியில் உள்ள சயன் ஹவுஸில் 1760-களில் அவர் அமைத்த சிவப்பு டிராயிங் ரூம் இதற்கு நல்ல உதாரணம். கூரையில் ஓவியர் சிப்ரியானி தீட்டிய 239 வட்டச் சித்திரங்கள்; தரையில் தாமஸ் மூர் 1769 என்று ஆண்டு போட்டு நெய்த கம்பளம்; சுவரில் லண்டனின் பட்டு நெசவுப் பகுதியான ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் தறிகளில் நெய்த கருஞ்சிவப்புப் பட்டு. வருகிறவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சுவருக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இந்தப் பட்டைச் சுவரில் ஒட்டுவதில்லை. முதலில் சுவரின் விளிம்புகளைச் சுற்றி மெல்லிய மரச்சட்டங்களை அடிப்பார்கள். அவற்றின் மேல் லினன் துணியை மேளத்தோல் போல இழுத்துக் கட்டி, அதன் மேல் மெத்தென்ற ஓர் உள்துணி. கடைசியில்தான் பட்டு. அந்தக் காலத்துத் தறியின் அகலம் ஏறக்குறைய 21 அங்குலம். ஆகவே பல அகலங்களைப் பூவுக்குப் பூ பொருந்தும்படி தைத்து, ஒரு சுவருக்கு ஒரே விரிப்பாக்கி, ஓரங்களில் சிறு ஆணி அடித்து இறுக்குவார்கள். ஆணித்தலைகளை மறைக்கத்தான் தங்க முலாம் பூசிய சட்டம். பார்க்க அலங்காரம் போலத் தெரியும். பட்டு இடுப்பளவு உயரத்துக்கு மேல்தான் தொடங்கும். அன்று நாற்காலிகள் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும். அவற்றின் முதுகு உரசும் இடத்தில் பட்டு ஒரு தலைமுறை கூடத் தாங்காது.

உரசாத இடத்திலும் பட்டு சாகும். பட்டுப்புடவையை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதும் இதனால்தான். வெளிச்சம் முதலில் சாயத்தைத் தின்னும், பிறகு இழையையே முறிக்கும். இற்றுப்போன பட்டு தன் எடையைத் தானே தாங்காமல் ஆணியடித்த இடத்திலும் தையலிலும் கிழியும். இரும்பு ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள துணியையும் சேர்த்து அரிக்கும்.

அதனால் பராமரிப்பாளர்கள் வெளிச்சத்துக்குக் கணக்கு வைக்கிறார்கள். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; அதை நேரத்தால் பெருக்கினால் லக்ஸ்-மணி. பட்டுக்கு 50 லக்ஸ், ஆண்டுக்கு மொத்தம் 1,50,000 லக்ஸ்-மணி என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அந்த மங்கலில் அறையை ஆண்டுக்கு 3,000 மணி நேரம் திறந்து வைக்கலாம். உச்சி வெயிலோ 1,00,000 லக்ஸ் வரை போகும். நேர் வெயில் ஒன்றரை மணி நேரம் விழுந்தால் ஓராண்டுக் கணக்கு தீர்ந்தது! கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளுக்கும். படலத்தோடு திரையும் வேண்டும்.

ஆனால் இருட்டு இன்னொரு வினையைக் கொண்டுவருகிறது. துணிப்பூச்சியின் புழுவுக்கு இருட்டும் அசையாத மூலையும்தான் பிடிக்கும். சோபாவுக்கு அடியில் இருக்கும் கம்பளி விரிப்பு அதற்கு விருந்து. சோபாவை நகர்த்திப் பார்க்காத வீட்டில், கம்பளம் வழுக்கையான பிறகுதான் தெரியவரும். பூச்சி விழுந்த துணியைக் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் உறைய வைப்பது வழக்கம்.

ஈரப்பதமும் அப்படித்தான். ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம். மிகவும் குறைந்தால் மரம் சுருங்கி, தங்க முலாம் அடிப்பூச்சோடு பெயரும். எனவே இங்கே ஹீட்டரை ஓட்டுவது பெரும்பாலும் வெப்பமானி அல்ல, ஈரமானி. குளிர்காலத்தில் அறை சில்லென்று இருந்தால் அது அலட்சியமல்ல.

அடுத்த முறை போகும்போது, உள்ளே நுழைந்ததும் சில நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். பிறகு ஜன்னலுக்கு அருகிலுள்ள பட்டையும் அறையின் உள்மூலையில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். படம் கழற்றிய இடம் இருந்தால் அங்கே அசல் நிறம் சதுரமாகத் தெரியும். முடிந்தால் ஒரு பழைய நாற்காலியின் பின்புறத்தையும் எட்டிப் பாருங்கள்: முன்னால் டமாஸ்க், பின்னால் பல நேரம் மலிவான சாதாரணத் துணி. சுவரைப் பார்த்து நிற்கும் முதுகுக்கு யாரும் பட்டைச் செலவழிக்கவில்லை.