மழை இரவில் எலியட்ஸ் கடற்கரை

நேற்று இரவு தூறல் சற்று ஓய்ந்ததும், சளி பிடிக்கும் என்று அம்மா தடுத்ததையும் கேளாமல், தம்பியுடன் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் வைக்க இடமில்லாத மணற்பரப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருந்தார்கள். பெரும்பாலான கடைகள் தார்ப்பாய் மூடிக் கிடக்க, சோளம் சுடும் அம்மா ஒருவர் மட்டும் கரியடுப்பைச் சாரல் படாமல் ஒரு கையில் குடையால் மறைத்து, மறு கையால் விசிறிக்கொண்டிருந்தார். எலுமிச்சைத் துண்டை மிளகாய்த்தூளிலும் உப்பிலும் தோய்த்துச் சோளத்தின் மேல் அழுத்தித் தேய்த்தபடி, "ஈரக்காத்துல கரி பிடிக்கவே மாட்டேங்குது கண்ணு" என்று அலுத்துக்கொண்டார்.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையிலேயே கிடைத்துவிடுவதால், எங்களுக்குக் குளிர்காலம் என்றாலே மழைக்காலம்தான். இம்மாதங்களில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பிவிடும். அலைகளும் சீற்றத்துடன் வரும். 1930-இல் கடலில் தத்தளித்தோரைக் காப்பாற்றப் போய் உயிர்நீத்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் கண்ணெதிரே நிற்க, இருட்டில் இடுப்பளவு நீரில் இறங்கி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்களை என்னவென்று சொல்வது? ரோந்துக் காவலர் விசில் ஊதிய பிறகே கரையேறினார்கள்.

ஜனவரியில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரத் தொடங்கும். அவற்றின் முட்டைகளைக் காக்க, நீலாங்கரையிலிருந்து இந்தக் கரைவரை 1988 முதல் மாணவர்கள் இரவு நடை செல்கிறார்கள். தம்பி இம்முறை அந்த நடையில் சேரப் போகிறானாம்; அம்மாவிடம் அனுமதி வாங்கும் பொறுப்பை மட்டும் என் தலையில் கட்டிவிட்டான்.