ஓதம் ஏறிய சுவர்

9 டிசம்பர் 2023, வேளச்சேரி

மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் உயரம் நின்ற தண்ணீர் வடிந்துவிட்டது. சேற்றைத் தள்ளிக் கழுவியாயிற்று. மெத்தையை மொட்டை மாடியில் போட்டால் காய்ந்துவிடும் என்கிறார் அத்தை. வெயில் எங்கே இருக்கிறது? ஈரம் ஊறிய பஞ்சில் பூஞ்சை பிடிக்க ஓரிரு நாள் போதும். மெத்தை, தலையணை எல்லாம் குப்பை வண்டிக்குப் போயின. அத்தைக்கு மனசே இல்லை. எனக்கும் வயிறு எரிந்தது.

17 டிசம்பர்

பீரோவை நகர்த்திப் பார்த்தேன். வெள்ளம் நின்ற கோட்டுக்கு மேலே ஒரு சாண் வரை சுவர் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. கீழே வெள்ளையாகப் பூத்திருப்பது வெறும் உப்பு. தண்ணீர் தெளித்ததும் கரைந்தது. அதற்கு மேலே இருப்பதுதான் பூஞ்சை. கடுகளவுக் கரும்புள்ளிகள் நெருங்கி நெருங்கி, நடுவில் பச்சை ஓடிய படலமாக ஒட்டியிருக்கின்றன. நனைந்த சாக்கின் வாடை. சின்னவள் படுக்கும் கட்டிலுக்கும் இதற்கும் நான்கடி தூரம்.

19 டிசம்பர்

சின்னவளுக்கு இரவெல்லாம் வறட்டு இருமல். விடியற்காலையில் மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. மருத்துவமனைக்கு ஓடினோம். நெபுலைசர் வைத்த பிறகுதான் இளைப்பு அடங்கியது.

வீட்டில் எங்கே ஈரம் என்று டாக்டர் கேட்டார். பூஞ்சையின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கின்றன. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அவை மூச்சுக்குழாயை வீங்கவைத்துச் சளியைக் கூட்டுகின்றன. குழந்தையின் குழாய் குறுகலானது, கொஞ்சம் வீங்கினாலே அடைக்கும். மருந்தை மூச்சில் இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழாயோடு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் கூடாது என்றார். தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவது அத்தையின் வழக்கம். டாக்டர் சொன்னதைக் கேட்டதும், மறுபேச்சின்றி தூபக்காலை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார்.

24 டிசம்பர்

பிள்ளைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சுத்தம் செய்தோம். உலர்ந்த துணியால் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். ஆகவே என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தோம். பக்கத்து வீட்டில் பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிடையும் கலக்கப் போனார்கள், ஓடிப்போய்த் தடுத்தேன். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலையே புண்ணாக்கிவிடும்.

3 ஜனவரி 2024

“பொங்கலுக்குள் வெள்ளையடித்துத் தருகிறேன் அம்மா, எல்லாம் மறைந்துவிடும்” என்கிறார் வீட்டுக்காரர். மறைந்துதான் போகும்! பெயின்டுக்கு அடியில் ஈரம் அப்படியே இருந்தால் பூஞ்சை மறுபடி வராமல் என்ன செய்யும்? இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற குழந்தையின் தந்தை, அவன் பிறக்கும் முன்பே 2017இல் வீட்டுப் பூஞ்சையைப் பற்றி முறையிட்டபோதும், மேலே பெயின்ட் அடிக்கத்தான் சொன்னார்கள். குழந்தை 2020 டிசம்பரில் இரண்டு வயதில் இறந்தான். நீண்ட காலம் பூஞ்சைக் காற்றைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என 2022இல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் பேரன் இருக்கிறான். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கொத்தனாரை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

14 ஜனவரி, போகி

விடியுமுன்பே தெருவில் டயர் புகை. கதவிடுக்குகளில் ஈரத்துணி அடைத்தும் சின்னவளுக்கு இருமல். இரண்டு முறை இன்ஹேலர் கொடுத்தேன். பழையன கழிய டயர்தானா கிடைத்தது?

21 ஜனவரி

இடுப்பு உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். உள்ளே செங்கல் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. வெளிப்பக்கம் மழைநீர்க் குழாய் உடைந்து இதே சுவரில் ஒழுகிக்கொண்டிருந்ததும் இப்போதுதான் தெரிந்தது, குழாயை மாற்றியாயிற்று. செங்கல் முழுக்கக் காய்ந்தபிறகே மறுபூச்சு என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பிள்ளைகளுக்குக் கூடத்தில்தான் படுக்கை. நேற்றிரவு சின்னவள் இருமாமல் தூங்கினாள். ஆனாலும் இன்ஹேலரை நாமாக நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் மறுபடி காட்ட வேண்டும்.