பொமரேனியாவில் ஒரு புதூர்

என் கணவர் வீட்டார் நூறு வருஷத்துக்கு மேலாக விஸ்கான்சின்வாசிகள். பூர்வீகம் கேட்டால் மாமனார் "ஜெர்மனி" என்பார், அதோடு சரி. மகள் பிறந்த பிறகு எனக்கு அது உறுத்த ஆரம்பித்தது. என் பக்கத்துக்கு ஊர், கோயில், பங்காளி என்று எல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. அவள் அப்பா பக்கத்துக்கும் வேண்டாமா?

எடுத்த எடுப்பில் ஜெர்மன் ஆவணங்களைத்தான் தேடினேன். க்ரூகர் என்ற அவர்கள் குடும்பப் பெயரைப் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறார்கள். இரண்டு மாதம் வீண். 1871 வரை ஜெர்மனி என்று ஒரே நாடே கிடையாது. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில்தான். ஊர்ப்பெயர் கைக்கு வராமல் கடலைத் தாண்டவே கூடாது.

அதனால் அமெரிக்காவுக்குள்ளேயே தேடினேன். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இலவசமாகக் கிடைத்தது. மாமனாரின் கொள்ளுப்பாட்டி பெயருக்கு நேரே, வந்த ஆண்டு 1872. பெற்ற பிள்ளைகள் 9, உயிரோடு இருப்பது 7. மாமனாருக்குத் தெரிந்த பெயர்களோ எட்டுதான்.

அந்த அம்மாளை அடக்கம் செய்த லூத்தரன் தேவாலயத்தின் பதிவேட்டில் பிறந்த ஊரும் இருந்தது. ஆனால் படிக்க முடியவில்லை. குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து அது. அதில் 'ஈ'யும் (e) 'என்'னும் (n) ஒரே மாதிரி இருக்கும். 'யூ'வுக்கு (u) மட்டும் தலைக்கு மேல் சின்ன வளைவு. அந்தச் சொல்லின் முதல் பாதி வெறும் ரம்பப் பல் வரிசை. எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நானே எழுதி எழுதிப் பழகினேன். நொயன்டோர்ஃப் (Neuendorf)! அர்த்தம் பார்த்தால் நம் 'புதூர்'. நம்மூர் மாதிரியே அங்கேயும் ஏகப்பட்ட புதூர்கள். 1912இல் வந்த மேயர்ஸ் ஊர் அகராதியில் வரிசையாக நிற்கின்றன. நல்லவேளை, பாதிரியார் வட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்; பால்டிக் கடலோரம் இருக்கும் பொமரேனியா பகுதியில் இருந்தது அது. அது இல்லாவிட்டால் அங்கேயே நின்றிருப்பேன்.

பிறகுதான் கப்பல். ப்ரேமன் துறைமுகத்தின் பழைய பயணிகள் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஹாம்பர்க்கில் 1850 முதல் 1934 வரை இருக்கிறது, சொந்த ஊரோடு. 1872இல் அதே நொயன்டோர்ஃபிலிருந்து அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். கடைசி வரியில் அவுகுஸ்டே, ஏழு மாதம்.

அந்தப் பெயரை வீட்டில் யாருமே கேட்டதில்லை. மாமனார் குடும்ப பைபிளை எடுத்துவந்து, பிள்ளைகள் வரிசையில் மூன்றாவதாக அதை எழுதினார்.