இதயத்துக்கு நான்கு அலமாரிகள்

மருத்துவ நூலகத்தில் பகுப்பாக்க வேலைக்கு வந்த புதிதில் என்னை அதிகம் குழப்பியது இதயம்தான். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பில் இதயத்தின் உடற்கூறு 611.12, உடலியங்கியல் 612.17, நோய்கள் 616.12, அறுவை சிகிச்சை 617.412. நான்கும் நான்கு அலமாரிகளில். முதுநிலை மாணவி ஒருவர் தினமும் இவற்றுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

அப்புறம் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பகுப்புக்கு மாறினோம். அதில் இதயமும் இரத்த நாளங்களும் டபிள்யூஜி என்ற ஒரே பிரிவு. நூல்களின் முதுகில் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து மாற்றினோம். விரல் நுனியெல்லாம் பசை.

பொது நூலகத்துக்கு டியூயி நன்றாகவே பொருந்தும், சரி. ஆனால் ஒரே துறையில் ஆழமாகப் படிக்க வருபவருக்கு, அந்தத் துறை யோசிக்கும் விதத்தில்தான் அலமாரி இருக்க வேண்டும். அந்த மாணவி இப்போது ஒரே அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்.